கழுத்து வலிக்குக் கைப்பேசிதான் காரணமா?

கம்பம் பள்ளத்தாக்கின் திராட்சைப் பந்தல்களில் கவாத்து செய்வோரும் குலை வெட்டுவோரும் நாள் முழுதும் அண்ணாந்து நிற்கின்றனர். மலையேறி ஏலத்தோட்டங்களுக்குச் செல்வோர், செடியின் தூரிலேயே ஏலம் காய்ப்பதால், குனிந்தபடியே பறிக்கின்றனர். மாலையில் வீடு திரும்பியதும் அதே கழுத்து கைப்பேசிக்காக மறுபடியும் குனிகிறது. எம்மிடம் சிகிச்சைக்கு வருவோர் பலர், "இந்த வலி செல்போனால் வந்ததா?" என்று கேட்கின்றனர். இதற்கு ஒரே சொல்லில் விடை கூற இயலாது.

நம் தலையின் எடை சுமார் 5 கிலோ. தலையை முன்னோக்கிச் சாய்க்கும்போது கழுத்தின் மீதான விசை கூடுகிறது. 60 பாகை குனிந்தால் அது ஏறத்தாழ 27 கிலோவுக்கு ஈடாகும் என்று அமெரிக்க முதுகுத்தண்டு அறுவை மருத்துவர் கென்னத் ஹன்ஸ்ராஜ் 2014-இல் வெளியிட்டார். அது கணினி மாதிரியைக் கொண்டு செய்த கணக்கு. நோயாளிகளை அளந்து கண்டதன்று. பிரேசிலின் ரியோ டி ஜெனிரோவில் 18 முதல் 21 வயதுடைய 150 பேரிடம் நடத்தப்பட்டு 2018-இல் வெளியான ஆய்வில், கைப்பேசி பார்க்கும் நிலைக்கும் கழுத்து வலிக்கும் தொடர்பு காணப்படவில்லை. நெடுநேரப் பயன்பாட்டுக்கும் வலிக்கும் தொடர்புண்டு எனக் கூறும் ஆய்வுகளும் உள்ளன.

ஆகவே, குனிவது மட்டுமே குற்றமன்று. ஒரே நிலையில் அசையாதிருத்தல், தசை வலுக்குறைவு, உறக்கமின்மை, மனக்கவலை, உடலுழைப்பின் பளு ஆகிய யாவும் சேர்ந்தே வலியை நீடிக்கச் செய்கின்றன. மூன்று மாதங்களுக்கு மேல் நீடிப்பதை நாள்பட்ட வலி என்கிறோம். எக்ஸ்ரேயில் தெரியும் தேய்மானம், நடுவயதைக் கடந்து வலியே இல்லாதவர்களிடமும் பரவலாகக் காணப்படுவது. அதைக் கண்டு அஞ்ச வேண்டாம்.

வலி எவ்வளவு என்பதைப் போலவே, அதனால் எந்த வேலை தடைப்படுகிறது என்பதும் முக்கியம். 1991-இல் வெளியான கழுத்து இயலாமைக் குறியீடு என்னும் வினாத்தாள் பத்துப் பகுதிகளுடையது. மொத்தம் 50 மதிப்பெண். குளித்து உடுத்தல், சுமை தூக்கல், வாசித்தல், உறங்கல், தொழில் செய்தல் ஆகியன அதில் அடங்கும். தினக்கூலியை நம்பிய குடும்பத்தில் இவற்றுள் ஒன்று தடைப்பட்டாலும் அடுப்பெரிவதே கடினமாகும். மருத்துவரிடம் வரும்போது, "எந்த வேலையைச் செய்ய முடியவில்லை" என்பதையும் தவறாமல் கூறுங்கள்.

வீட்டில் செய்யத்தக்கவை சில. கைப்பேசியைக் கண் மட்டத்துக்கு அருகே உயர்த்தி, முழங்கைகளைத் தலையணை மீது தாங்கலாக வையுங்கள். 20 நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து நடங்கள். சமைக்கும்போது காதுக்கும் தோளுக்கும் இடையே அதை இடுக்கிப் பேசாதீர்கள். நேராக அமர்ந்து, தாடையை மெல்லப் பின்னோக்கி இழுத்து 5 விநாடி நிறுத்துங்கள். தோள்பட்டை எலும்புகளைப் பின்புறம் நெருக்கி 5 விநாடி நிறுத்துங்கள். இவற்றைப் பத்துப் பத்து முறை, நாளுக்கு இருவேளை செய்யலாம். பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். கழுத்துப் பட்டையை மாதக்கணக்கில் அணிந்தால் தசைகள் மேலும் வலுவிழக்கும். கழுத்தைச் சட்டெனத் திருப்பிச் சொடக்கெடுப்பதைத் தவிருங்கள். அரிதாக, மூளைக்குச் செல்லும் இரத்தக்குழாய் அதனால் காயமுறக்கூடும்.

சில அறிகுறிகளைக் கைப்பேசியின் மேல் பழிபோட்டுத் தள்ளிப்போடலாகாது. கை வலுவிழத்தல், சட்டைப் பொத்தான் போட இயலாமை, நடையில் தள்ளாட்டம், சிறுநீர் கழிப்பதில் மாற்றம், காய்ச்சல், காரணமின்றி எடை குறைதல், விழுந்தபின் தோன்றிய வலி ஆகியவற்றில் எது இருந்தாலும் அன்றே மருத்துவமனைக்கு வாருங்கள். தண்டுவடம் அழுத்தப்பட்டிருந்தால், தாமதிக்கும் ஒவ்வொரு நாளும் இழந்த வலுவை மீட்பதைக் கடினமாக்கும். வீட்டில் முதியவர் ஒருவர் அண்மைக்காலமாகப் பொருள்களைக் கை நழுவ விடுகிறார் என்றால், வயதின் தளர்ச்சி என்று விட்டுவிடாமல் அவரை அழைத்து வருவது உடனிருப்போரின் கடமையாகும்.