எந்த எலியில் செய்த சோதனை?

வளரும் பிள்ளைகளின் முழங்காலை ஒட்டி, பெரும்பாலும் தொடை எலும்பின் கீழ் முனையில் முளைப்பது ஆஸ்டியோசர்கோமா என்ற எலும்புப் புற்று. கட்டியை அறுத்தெடுத்துவிடலாம், பல நேரம் காலையும் காப்பாற்றிவிடலாம். உயிரைப் பறிப்பவை நுரையீரலுக்குப் போய் ஒளிந்துகொண்ட செல்கள். பரவுமுன் பிடிபட்டவர்களில் 60 முதல் 70 சதவீதம் பேர் கீமோதெரபியால் பிழைக்கிறார்கள். 1980களுக்குப் பிறகு அந்த எண் பெரிதாக அசையவில்லை. நம் ஊரில் ‘கரண்ட் வைப்பது’ என்று சொல்கிறோமே, அந்தக் கதிர்வீச்சுக்கும் இந்தக் கட்டி எளிதில் மசியாது. இருந்தும் ஆய்வகங்கள் கதிரையும் புற்றைத் தாக்கும்படி மாற்றிய வைரஸையும் சேர்த்துப் பார்க்கின்றன. காலில் உள்ள கட்டியை இன்னும் கொஞ்சம் சுருக்குவதற்கென்றால் இந்தப் பாடு வீண். நுரையீரலில் ஒளிந்த செல்லைத் தேடிப்பிடிக்க உடம்பின் எதிர்ப்புப் படையைக் கதிரும் வைரஸும் எழுப்புகின்றனவா என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

எழுப்ப முடியும் என்பதற்குத் தடயம் உண்டு. கதிர் பட்டுச் சிதறிய டி.என்.ஏ. துணுக்குகள் செல்லின் உட்கருவை விட்டுக் கசிகின்றன. உட்கருவுக்கு வெளியே டி.என்.ஏ. தென்பட்டால், வைரஸ் புகுந்துவிட்டது என்றே செல் எடுத்துக்கொள்ளும். இன்டர்ஃபெரான் என்ற புரதம் சுரந்து அக்கம்பக்கத்துக்கெல்லாம் தகவல் போகும். ஒருவகையில் கதிர் வைரஸ் வேஷம் கட்டுகிறது. வேஷம் மிஞ்சினால் கலைந்தும் போகும். 2017இல் வெளிவந்த நியூயார்க் ஆய்வு ஒன்றில், எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் மருந்தோடு 8 கிரே வீதம் மூன்று தடவை கதிர் வைத்த எலிகளில், கதிர் படாத கட்டியும் சுருங்கியது. ஒரே தடவையில் 20 கிரே வைத்தபோது அப்படி நடக்கவில்லை. ட்ரெக்ஸ்1 என்ற நொதி பெருகித் துணுக்குகளைத் தின்றுவிட்டது. அது மார்பகப் புற்று, எலும்புப் புற்று அல்ல. ஆனால் அளவைக் கூட்டினால் பலனும் கூடும் என்ற கணக்கு பொய்த்துவிட்டது.

நிஜ வைரஸின் கதை வேறு. ஜப்பானின் ஒகயாமா பல்கலைக்கழகத்தார், சளிக்காய்ச்சல் தரும் அடினோ வைரஸை டெலோமரேஸ் என்ற நொதியை உருவாக்கும் செல்களில் மட்டும் பெருகும்படி மாற்றினார்கள். கதிரால் உடைந்த டி.என்.ஏ.வைச் செல் ஒட்டவைக்கவிடாமலும் அது தடுக்கிறது. எலும்புப் புற்றுச் செல்களிலும் அதைச் சோதித்தார்கள். சிக்கல் எலியில் இருக்கிறது. மனிதக் கட்டி ஒட்டி வளர வேண்டுமென்றால் தைமஸ் சுரப்பி இல்லாத, ரோமமற்ற எலி வேண்டும். அதற்கு எதிர்ப்புப் படையின் டி-செல்கள் இல்லாததால் படை எழுந்ததா என்று கேட்கவே வழியில்லை. படை உள்ள சாதாரண எலியின் கட்டியிலோ மனித அடினோ வைரஸ் சரியாகப் பெருகாது. இதே புற்று பெரிய இன நாய்களுக்குத் தானாகவே வந்து நுரையீரலுக்கும் பரவுகிறது. எதிர்ப்புப் படையும் முழுதாக இருக்கும். வெறும் எலி வரைபடங்களைவிட அந்த நாய்களின் சிகிச்சைப் பதிவுகளையே நான் நம்புவேன்.

இந்தப் புற்றில் எதிர்ப்புச் சக்தி மருந்துதான் தோற்றுவிட்டதே என்பார்கள். பெம்ப்ரோலிசுமாப் என்ற மருந்தைக் கொடுத்த 22 பேரில் ஒருவருக்கே கட்டி சுருங்கியது, உண்மை. ஆனால் அந்த மருந்து டி-செல்களின் பிரேக்கைத்தான் எடுக்கிறது. கட்டிக்குள் டி-செல்களே அதிகம் வராதபோது எடுத்து என்ன பயன்? பல எலும்புக் கட்டிகளில் டெலோமரேஸே இல்லை என்பது இதைவிடக் கனமான ஆட்சேபம். ஆனால் ஒகயாமா சோதனையில் அப்படிப்பட்ட செல்கள் சிலவும் மடிந்தன. வைரஸை உள்ளே விடும் ஏற்பிப் புரதம் மேற்பரப்பில் இல்லாத செல்களிடம்தான் அது தோற்றது. அந்தப் புரதம் இருக்கிறதா என்பதை முதல் பயாப்சித் துண்டிலேயே பார்த்துவிடலாம்.