இரும எண்ணில் ஒன்றுகளை எண்ணும் வழி

கணினியில் உள்ள எண் ஒவ்வொன்றும் 0, 1 என்னும் இரண்டே இலக்கங்களால் ஆன இரும எண்ணாகவே இருக்கிறது. அந்த இலக்கத்துக்குப் பிட் என்று பெயர். ஓர் எண்ணில் எத்தனை பிட்டுகள் 1 ஆக உள்ளன என்பது சிறு கேள்விதான் என்றாலும், அனுப்பிய தகவலுக்கும் வந்து சேர்ந்த தகவலுக்கும் இடையே எத்தனை இடங்கள் மாறியுள்ளன என்று அளக்கும் ஹாமிங் தொலைவும், சதுரங்கப் பலகையின் 64 கட்டங்களை 64 பிட்டுகளாகக் கொண்டு காய்களை எண்ணும் நிரல்களும் அதையே நம்பியிருப்பதால், விடை விரைவாகக் கிடைத்தாக வேண்டும்.

ஒவ்வொரு பிட்டாகப் பார்த்துச் செல்வது நேர்வழி. ஆனால் 64 பிட் எண்ணில் ஒரே ஒரு 1 இருந்தாலும், அது இடக்கோடியில் நின்றால், 64 சுற்றுகள் ஓட வேண்டியிருக்கும்.

இந்த வீண் உழைப்பைத் தவிர்க்கும் உத்தி, பள்ளியில் படித்த கடன் வாங்கிக் கழித்தலில் ஒளிந்திருக்கிறது. ஓர் இரும எண்ணிலிருந்து 1ஐக் கழித்தால், வலப்பக்கம் கடைசியாக உள்ள 1 கடன் கொடுத்து 0 ஆகும், அதற்கு வலப்புறம் உள்ள 0கள் எல்லாம் 1 ஆகும், இடப்புறமோ மாறுவதில்லை. பழைய எண்ணையும் புதிய எண்ணையும் ‘அண்ட்’ செயலால், அதாவது இரண்டிலும் 1 உள்ள இடத்தில் மட்டும் 1 தரும் செயலால், இணைத்தால் அந்தக் கடைசி 1 மட்டும் நீங்கிவிடும். 172ஐ எடுத்துக்கொண்டால், அதன் இரும வடிவம் 10101100. 171இன் வடிவம் 10101011. இரண்டையும் இணைத்தால் 10101000, அதாவது 168. இவ்வாறே 160, 128, 0 என்று நான்கே சுற்றுகளில் எண் தீர்ந்துவிடுவதால், அதில் உள்ள ஒன்றுகள் நான்கு. எத்தனை ஒன்றுகளோ அத்தனையே சுற்றுகள் என்பதுதான் இதன் அழகு.

ஒன்றுகள் மலிந்த எண்ணுக்கு வேறொரு வழி ஏற்றது: அடுத்தடுத்த பிட்டுகளை இரண்டிரண்டாகவும், அத்தொகைகளை மீண்டும் இரண்டிரண்டாகவும் ஒரே நேரத்தில் கூட்டிச் சென்றால், 64 பிட்டுகளும் 6 படிகளில் ஒரே தொகையாகிவிடும். இன்றைய செயலிகள் பலவற்றில் ஒன்றுகளை எண்ணுவதற்கெனத் தனிக் கட்டளையே உண்டு. இன்டெல் நிறுவனம் 2008இல் வெளியிட்ட நெஹலேம் செயலிகளில் அதைச் சேர்த்தது.

கழித்தல் உத்தியைக் ‘கெர்னிகன் வழி’ என்று அழைப்போர் பலர். 1988இல் வெளிவந்த, கெர்னிகனும் ரிட்சியும் எழுதிய சி மொழி நூலின் இரண்டாம் பதிப்பில் அது பயிற்சிக் கணக்காக இடம்பெற்றதே காரணம். ஆனால் பீட்டர் வெக்னர் அதை 1960இலேயே ஆய்விதழில் வெளியிட்டுவிட்டார் என்பதால், வெக்னர் வழி என்று வழங்குவதே முறை.