12 அடி ஓட்டம் ஒரே அடியில்!

திரை முழுவதையும் அடைத்துக்கொண்டு ராட்சத விண்கலம் ஒன்று நம் தலைக்கு மேலே போகிறது. தியேட்டரே வாயைப் பிளக்கிறது. உண்மையில் அது சுமார் 3 அடி நீளமுள்ள பொம்மை. அது நகரவும் இல்லை, நகர்ந்தது காமிராதான்!

1977ல் வெளிவந்த 'ஸ்டார் வார்ஸ்' படத்தின் தொடக்கக் காட்சி இது. இதற்காக ஜான் டைக்ஸ்ட்ரா குழுவினர் அமெரிக்காவில் உருவாக்கிய காமிரா அமைப்புக்கு 'டைக்ஸ்ட்ராபிளெக்ஸ்' என்று பெயர். தண்டவாளத்தில் ஓடும் காமிராவின் ஒவ்வோர் அசைவையும் மோட்டார்கள் இயக்கும். மின்னணுக் கருவி அதைப் பதிவு செய்துகொண்டு, எத்தனை முறை கேட்டாலும் அப்படியே திரும்பச் செய்யும். இதுவே 'மோஷன் கண்ட்ரோல்'.

பொம்மையும் மனிதனும்

பொம்மைகளை மட்டும் படமெடுக்க இது போதும். பொம்மை அரண்மனைக்குள் நிஜ மனிதர் நடக்கவேண்டுமானால்? அங்கேதான் கணக்கு வருகிறது.

அரண்மனை மாடல் 12ல் 1 பங்கு என்று வைத்துக்கொள்வோம். நடிகரைப் படமெடுத்தபோது காமிரா 12 அடி ஓடி, 3 அடி உயர்ந்தது. மாடலின் முன் அது 1 அடி ஓடி, 3 அங்குலம் உயர்ந்தால் போதும். ஆனால் 30 டிகிரி திரும்பியிருந்தால், இங்கும் 30 டிகிரிதான் திரும்பவேண்டும். ஊர் வரைபடத்தைச் சிறிதாக வரைந்தாலும் தெருமுனையின் கோணம் மாறுவதில்லை அல்லவா?

பிரேம் எண்ணிக்கையும் குறையாது. 10 விநாடிக் காட்சிக்கு 240 பிரேம்கள். நடிகரின் 100வது பிரேமில் காமிரா எங்கே இருந்ததோ, மாடலின் 100வது பிரேமிலும் அதற்குரிய இடத்தில் இருக்கவேண்டும். மாடலை மட்டும் நிதானமாக, பிரேம் பிரேமாக எடுக்கலாம்.

அரை அடியின் விலை

மாடல் சுருங்கலாம், காமிரா சுருங்காதே! காமிரா சுழலும் அச்சு, லென்ஸுக்கு அரை அடி பின்னால் இருப்பதாக வைத்துக்கொள்வோம். மாடலின் உலகில் அந்த அரை அடி 6 அடிக்குச் சமம்! அதைக் கணக்கில் சேர்க்காமல் காமிராவைத் திருப்பினால், இரு படங்களையும் இணைக்கும்போது குட்டு வெளிப்பட்டுவிடும். நடிகர் தரையில் நடக்கமாட்டார், சறுக்குவார்.

இன்று பல படங்களில் பொம்மைக்குப் பதிலாகக் கம்ப்யூட்டரே அரண்மனையை வரைகிறது. ஆனால் மாடலை வைத்து எடுப்பவர்களுக்குப் பழைய விதிதான்: தூரம் சுருங்கும், கோணம் சுருங்காது.