நெம்புகோல் துப்பாக்கியும் அதன் தோட்டாவும்

அமெரிக்க மேற்குப் பிரதேசங்களைக் களமாகக் கொண்ட சினிமாப் படங்களில், குதிரைமேல் அமர்ந்த ஒருவன், துப்பாக்கி விசையைச் சுற்றி வளையம்போல் அமைந்த இரும்புப் பிடியைக் கீழே தள்ளி மேலே இழுத்து, இழுத்த மாத்திரத்தில் மறுபடியும் சுடுவதை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். அந்தப் பிடியே நெம்புகோல். அதைத் தள்ளும்போது வெடித்துத் தீர்ந்த தோட்டாவின் பித்தளைக் கூடு வெளியே தெறித்து விழுகிறது. இழுக்கும்போது புதிய தோட்டா குழலுக்குள் ஏறுகிறது. 1860-ல் பெஞ்சமின் டைலர் ஹென்றி காப்புரிமை பெற்ற துப்பாக்கியிலும், பின்னர் யூட்டாவின் ஆக்டன் நகரத்து ஜான் மோசஸ் பிரௌனிங் என்னும் மேதை வின்செஸ்டர் கம்பெனிக்காக வகுத்துத் தந்த 1886, 1894-ஆம் ஆண்டு மாதிரிகளிலும் வளர்ச்சி பெற்று, இன்றும் அந்நாட்டில் மான் வேட்டைக்குச் செல்வோர் பலரின் கையில் விளங்கும் இந்த ஆயுதத்தின் அழகைப் புகழ்ந்தவர்கள் அநேகர். ஆனால் பிராணியின் உயிரைப் போக்குவது துப்பாக்கியன்று, குண்டு. அந்தக் குண்டைத் தேர்ந்தெடுப்பதில் காட்டும் சிரத்தையைப் பொறுத்தே அப்பிராணி கணப்பொழுதில் விழுவதும், புண்பட்டு ஓடி எங்கோ புதரில் நாள் கணக்கில் துடிப்பதும் அமைகின்றன.

தோட்டா என்பது நான்கு பொருள்களின் சேர்க்கை: பித்தளைக் கூடு, அதன் அடியில் பொறி எழுப்பும் கேப்பு, உள்ளே வெடிமருந்து, முனையில் குண்டு. நெம்புகோல் துப்பாக்கிகளில் பெரும்பாலானவற்றில் இத்தோட்டாக்கள், சுடும் குழலுக்கு அடியில் அதனோடு ஒட்டிச் செல்லும் மற்றொரு மெல்லிய குழாய்க்குள், ரயில் வண்டிப் பெட்டிகளைப்போல் ஒன்றன்பின் ஒன்றாகக் கிடக்கின்றன. ஆகவே பின்னால் உள்ள குண்டின் முனை முன்னால் உள்ள தோட்டாவின் கேப்பின்மேல் அழுந்தியே நிற்கிறது. துப்பாக்கி சுட்டதும் பின்னோக்கி உதைக்கும்போது, அந்த முனை கடினமாகவும் கூராகவும் இருந்துவிட்டால், அது ஊசியைப்போல் கேப்பைக் குத்தி, சுடுபவனின் முன்கை பற்றியிருக்கும் அதே இடத்தில் தோட்டா வெடிக்கும் அபாயம் உண்டு. இதனாலேயே இவ்வகைத் துப்பாக்கிக்கு முனை தட்டையாகவோ நன்கு உருண்டோ இருக்கும் குண்டுகளைச் செய்தார்கள். வேட்டையில் புதிதாக இறங்குபவர், வேறு எந்த நுட்பத்தைக் கற்பதற்கு முன்பும், இந்த ஒரு விஷயத்தை மனத்தில் பதித்துக்கொள்ளவேண்டும்.

ஆனால் தட்டைமுனை காற்றைக் கிழிப்பதில்லை, காற்றோடு மோதுகிறது. 1895-ல் விற்பனைக்கு வந்து, புகையற்ற மருந்தை அமெரிக்க வேட்டைக்காரர்களுக்கு அறிமுகம் செய்துவைத்த புகழ்பெற்ற .30-30 தோட்டாவையே எடுத்துக்கொள்வோம். அதன் 170 கிரெயின் குண்டு (சுமார் 11 கிராம்) குழலை விட்டு நொடிக்கு 2,200 அடி வேகத்தில் புறப்படுகிறது. 100 கஜத்தில் குறி சரியாக விழும்படி அமைத்தால், 200 கஜத்தில் அது 8, 9 அங்குலம் தாழ்ந்தும், 300 கஜத்தில் இரண்டடிக்கும் மேல் தாழ்ந்தும் விழுகிறது. தூரம் கூடக்கூட வேகமும் குறைந்து, விரியவேண்டிய குண்டு விரியாமலே சென்றுவிடுகிறது. ஆகவே அடர்ந்த காட்டில் 150 கஜத்துக்குள் நிற்கும் மானுக்கு இது மிகவும் ஏற்றது. திறந்த மலைச்சரிவில் எதிர்ப்புறம் மேயும் மானுக்கு ஏற்றதன்று. இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹார்னடி கம்பெனியார், ரப்பரைப்போல் அழுந்திக்கொடுக்கும் மென்மையான முனையொன்றைக் குண்டின் தலையில் பொருத்தி, கூர்மையின் பயனையும் குழாயின் பாதுகாப்பையும் ஒருங்கே கிடைக்கச் செய்தார்கள். அதனால் தூரம் சற்றுக் கூடியது உண்மையே. எனினும் பெட்டியில் அச்சிட்ட தூரத்தை நம்பிச் சுடுபவனைவிட, தன் கண்ணும் கையும் தவறாத தூரத்தை அறிந்து சுடுபவனே நல்ல வேட்டைக்காரன் என்பது என் அபிப்பிராயம்.

குழாய் இல்லாத நெம்புகோல் துப்பாக்கிகளும் உண்டு. 1899-ஆம் ஆண்டின் சாவேஜ் துப்பாக்கியில் தோட்டாக்கள் ஓர் உருளையைச் சுற்றி வட்டமாக அமர்வதால், கூர்முனைக் குண்டுகளையும் அதில் அச்சமின்றி இடலாம். பிரௌனிங் வகுத்த 1895-ஆம் ஆண்டு வின்செஸ்டரிலோ அவை பெட்டிக்குள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்படுகின்றன. 300 கிரெயின் குண்டுள்ள .405 தோட்டாவைச் சுடும் இத்துப்பாக்கியைத்தான் 1909-ல் அமெரிக்க முன்னாள் ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் ஆப்பிரிக்காவுக்கு எடுத்துச் சென்று சிங்க வேட்டையில் பயன்படுத்தினார். அதே .405 வின்செஸ்டரைத்தான் பெங்களூரில் வாழ்ந்த கென்னத் ஆண்டர்சன், ஜவளகிரி முதலிய நம் அன்றைய சேலம் ஜில்லாக் காடுகளில் ஆட்கொல்லிப் புலிகளைத் தேடி அலைந்தபோது தோளில் சுமந்தார். 1972-ல் வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதன் திருத்தங்களும் நம் நாட்டில் பொழுதுபோக்கு வேட்டைக்கு முற்றுப்புள்ளி வைத்துவிட்டன, அது நல்லதே. அமெரிக்காவிலோ லைசென்ஸும் பருவமும் எண்ணிக்கையும் வகுத்து, வேட்டை இன்றும் நடைபெறுகிறது.

இனிப் பிராணிக்கேற்ற குண்டைப் பார்ப்போம். இதயத்தையும் இரு நுரையீரல்களையும் ஊடுருவிச் செல்லும் காயமே விரைவில் உயிரைப் போக்குவது. அதற்குக் குண்டு உடலுக்குள் காளானைப்போல் விரியவும் வேண்டும், விரிந்தபின் உடைந்து சிதறாமல் ஆழம் வரை செல்லவும் வேண்டும். இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று விரோதமான குணங்கள். மிக மென்மையான குண்டு பெரிய தோள் எலும்பில் பட்டதும் மேலேயே நொறுங்கிவிடுகிறது; மிகக் கடினமான குண்டு விரியாமல் சிறு துளையிட்டு மறுபக்கம் போய்விடுகிறது. நூறு கிலோவுக்கு உட்பட்ட வெள்வால் மானுக்கு .30-30-இன் 150 கிரெயின் குண்டே போதும் என்பார்கள். பிராணி குறுக்காகத் திரும்பி நிற்கும்போது அது உண்மை. கருங்கரடியும் வரக்கூடிய காட்டில் 170 கிரெயினையே நான் சிபாரிசு செய்வேன், ஏனெனில் கனமான குண்டு எலும்பைத் தாண்டியும் தன் போக்கை விடுவதில்லை. 1906-ல் வந்த .35 ரெமிங்டனின் 200 கிரெயின் குண்டும் இத்தகைய காட்டுக்கே உரியது.

முந்நூறு கிலோவைத் தொடும் எல்க் மானும், அதனினும் பெரிய மூஸ் என்னும் மானும் வேறு கணக்கு. அவற்றுக்குப் பலர் நாடுவது .45-70. 1873-ல் அமெரிக்க ராணுவத்துக்காக, 405 கிரெயின் ஈயக் குண்டும் 70 கிரெயின் கருமருந்துமாகப் பிறந்த அந்தத் தோட்டா, அலாஸ்காவில் பழுப்புக் கரடி உலவும் ஆற்றங்கரைகளில் இன்றும் துணையாகச் செல்கிறது. இதில் ஒரு பெரும் எச்சரிக்கை உண்டு. ஒரே .45-70 என்னும் பெயரில் வலிமை வெவ்வேறான தோட்டாக்கள் விற்கப்படுகின்றன. கதவைப்போல் மேலே திறக்கும் பழைய ஸ்பிரிங்ஃபீல்டு ராணுவத் துப்பாக்கிகள் இன்னும் பலர் வீட்டில் இருப்பதால், சாதாரணத் தோட்டாக்களில் மருந்தின் அழுத்தத்தைத் தாழ்த்தியே வைத்திருக்கிறார்கள். நவீன மார்லின் போன்ற உறுதியான துப்பாக்கிகளுக்கென்று செய்த பலத்த தோட்டாவைப் பழையதில் இட்டுச் சுட்டால், பூட்டு வெடித்துச் சுடுபவன் முகத்திலேயே பாயக்கூடும். பெட்டியின்மேல் உள்ள எழுத்தை முழுவதும் படித்தபின்பே பணம் கொடுக்கவேண்டும். வாங்கியதைப் பருவம் தொடங்குவதற்கு முன்பே தன் துப்பாக்கியில் இட்டுக் காகித இலக்கில் சுட்டுப் பார்ப்பதும் அவசியம். ஒரே கம்பெனியில் செய்த இரு துப்பாக்கிகள்கூட ஒரே தோட்டாவை ஒரே செம்மையுடன் சுடுவதில்லை.

கடைசியாக ஈயத்தைப் பற்றி. ஈயக் குண்டு உடலில் பாயும்போது கண்ணுக்குத் தெரியாத துணுக்குகளாகவும் சிதறுகிறது. வேட்டைக்காரன் இறைச்சியை எடுத்துக்கொண்டு விட்டுச் செல்லும் குடலைத் தின்னவரும் கழுகுகளின் வயிற்றில் அந்த ஈயம் நஞ்சாகிறது. 1982-ல் உலகம் முழுவதிலும் 22 மட்டுமே எஞ்சியிருந்த கலிஃபோர்னியக் காண்டார் என்னும் பெருங்கழுகை மீண்டும் காட்டில் குடியேற்றியபின், அதன் சாவுக்கு முக்கிய காரணமாய் நின்றது இந்த ஈயமே. செம்புக் குண்டு சிதறுவதில்லை. எடையை ஏறக்குறைய முழுதும் காத்துக்கொண்டு விரிகிறது. ஈயத்தைவிட இலேசான உலோகமாகையால் அதே எடைக்கு அது நீளம் கூடியதாகிறது, எனவே .30-30-இல் 150 கிரெயினோடு நின்றுகொள்ளவேண்டும், விலையும் சற்று அதிகம். கரடியும் மூஸும் இல்லாத காட்டில் மானை மட்டும் நாடிச் செல்பவர், அந்த விலையைக் கொடுத்துத் தட்டைமுனைச் செம்புக் குண்டையே வாங்கவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். கலிஃபோர்னியா மாகாணத்தில் 2019 ஜூலை 1 முதல் ஈயக் குண்டால் எந்த வனவிலங்கையும் வேட்டையாடுவது சட்டப்படி குற்றம்.