இடிபட்டது முன்பக்கம்... கோளாறு எந்தப் பக்கம்?



எஞ்சினைப் பிரிக்கவும் மாட்டவும் நமக்கு ஒர்க்‌ஷாப்பில் சொல்லிக்கொடுத்தார்கள். எப்போது பிரிக்கக் கூடாது என்பதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது எங்க ஊர் சுருளிப்பட்டியில் நிற்கிற ஒரு பழைய கார். அந்தக் கதையை உங்களோடு பகிர்ந்துகொள்ளத்தான் இந்தக் கட்டுரை.

யார் இந்த ஹெரால்டு?

அம்பாசிடர், ஃபியட், ஹெரால்டு. ஒரு காலத்தில் நம் நாட்டு ரோட்டில் ஓடிய கார்கள் பெரும்பாலும் இந்த மூன்றுதான். இதில் ஹெரால்டு நம்ம சென்னைப் பிள்ளை. 1959-ல் இங்கிலாந்தில் டிரையம்ப் கம்பெனி வெளியிட்ட காரை, 1961 முதல் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி சென்னையில் தயாரித்தது. உருவத்தை வரைந்தவர் இத்தாலியரான மிக்கெலோட்டி. எஞ்சின் நாலு சிலிண்டர், 948 சி.சி. பானட், மட்கார்டு எல்லாம் ஒரே துண்டாக முன்பக்கம் சாயும். எஞ்சினைச் சுற்றி உட்கார்ந்து வேலை பார்க்கலாம்!

1962-ல் வந்த டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் கார், ஹெரால்டின் சேசிஸை வெட்டிச் சுருக்கி, அதே குடும்பத்து எஞ்சினை 1147 சி.சி.யாக்கிச் செய்ததுதான். ஆகவே நான் சொல்லப்போவது அந்த ஸ்போர்ட்ஸ் காருக்கும் பொருந்தும்.

நடந்தது என்ன?

எங்க தெருவில் திராட்சைத் தோட்டம் வைத்திருக்கும் மாமா ஒருவரின் இரண்டு கதவு ஹெரால்டு அது. அவருடைய அப்பா வாங்கியது. அருவி ரோட்டில் முன்னே போன டிராக்டர் திடீரென்று நிற்க, இவர் ஒடிக்க, வண்டி புளியமரத்தில் போய் முட்டியது. நல்லவேளை, மாமாவுக்குக் காயம் ஒன்றுமில்லை. பானட் நசுங்கி, ரேடியேட்டர் பின்னால் தள்ளி, ஃபேன் அதில் உரசிவிட்டது.

எஞ்சினை இறக்கி, சேசிஸ் முனையை நிமிர்த்தி, டிங்கரிங் பார்த்து, பெயின்ட் அடித்து, புது ரேடியேட்டரும் போட்டு வண்டி வந்தது. ஆனால் செல்ஃப் எடுத்தால் "ஊ...ங்... ஊ...ங்..." என்று இழுத்துவிட்டு நின்றுவிடும். பட்டறையில் கம்ப்ரஷன் பார்த்தார்கள். நாலு சிலிண்டரிலும் 85 பவுண்டு அளவில்தான் இருந்தது. "இடிச்ச அதிர்ச்சில உள்ள போயிருச்சு. போர் வேலை பார்க்கணும்" என்று தீர்ப்பு.

செலவு ஒரு அறுப்புக் காசு. அந்தக் கம்பெனி கார் தயாரிப்பதை நிறுத்தி முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. பிஸ்டன், ரிங் கிடைக்க எத்தனை மாதமோ! "எடைக்குப் போட்டுரலாம்னு பாக்குறேன் மாப்ள" என்று மாமா சொன்னபோது அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. நானும் டிப்ளமோ படிப்பவன் என்ற தோரணையில், "ஆமா மாமா, ரிங்தான் போயிருக்கும்" என்று சொல்லி வைத்தேன். அதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

இரண்டு பட்டியல்

ராத்திரி படுத்து யோசித்தேன். நாலு சிலிண்டரும் ஒன்றுபோலவா தேயும்? மரத்தில் முட்டினால் ரேடியேட்டர் உடையும், ஃபேன் வளையும், மவுன்டிங் ரப்பர் கிழியும். சிலிண்டருக்குள் இருக்கிற ரிங் எப்படித் தேயும்?

காலையில் ஒரு தாளை இரண்டாக மடித்தேன். ஒரு பக்கம் 'இடி தொட்டவை', மறுபக்கம் 'ரிப்பேர் தொட்டவை'. எழுதி முடித்தால் இரண்டாவது பட்டியல்தான் நீளம்! எஞ்சினை இறக்கியபோது கழற்றிய ஒயர், குழாய், கேபிள் எல்லாம் அதில்தான்.

பிறகு மாமாவிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டேன்.

"தள்ளி ஸ்டார்ட் பண்ணுனா எடுக்குதா மாமா?"

"தள்ளுனா உடனே எடுக்குதுப்பா. ஆனா செல்ஃப் அடிச்சா சோக் கம்பி கையச் சுடுது."

விடை இந்த இரண்டு வாக்கியத்தில்தான் இருந்தது.

சோதனை

முதலில் ஆயில் கம்பியை உருவிப் பார்த்தோம். தண்ணீர் கலந்து பால்போல் ஆகவில்லை. நாலு பிளக்கையும் கழற்றி, டாப் கியரில் போட்டு வண்டியைத் தள்ளினோம். எஞ்சின் வழுக்கிக்கொண்டு சுற்றியது. ஆகவே ஜாம் இல்லை.

அடுத்து மல்டிமீட்டர். செல்ஃப் அடிக்கும்போது பேட்டரி முனைகளுக்கு இடையே 10 வோல்ட் இருந்தது. பேட்டரி நல்ல பேட்டரிதான். மீட்டரின் ஒரு முனையை எஞ்சின் பிளாக்கிலும் மறுமுனையை பேட்டரியின் எர்த் முனையிலும் வைத்துச் செல்ஃப் அடித்தோம். அரை வோல்ட்டுக்குள் இருக்க வேண்டிய இடத்தில் 3 வோல்ட்!

எஞ்சின் ரப்பர் மவுன்டிங்கில் உட்கார்ந்திருக்கிறது. ரப்பரில் கரண்ட் போகாது. அதனால்தான் எஞ்சினுக்கும் பாடிக்கும் நடுவே ஒரு செம்புப் பின்னல் பட்டை போட்டிருப்பார்கள். செல்ஃப் மோட்டாருக்குப் போகிற கரண்ட் அதன் வழியாகத்தான் பேட்டரிக்குத் திரும்ப வேண்டும். அந்தப் பட்டையைப் புதுப் பெயின்ட்டின் மேலேயே வைத்து போல்ட்டை முறுக்கியிருந்தார்கள்.

முதல் செமஸ்டர் ஓம் விதியைப் போட்டுப் பாருங்கள். செல்ஃப் சுமார் 150 ஆம்பியர் இழுக்கும் என்று வையுங்கள். பெயின்ட் தந்த தடை வெறும் 0.02 ஓம் என்றாலும், 150 × 0.02 = 3 வோல்ட் அங்கேயே போய்விடுகிறது. காயிலுக்கும் 7 வோல்ட்தான் மிச்சம். ஸ்பார்க் பலமிழக்கிறது. வழி கிடைக்காத கரண்ட் சோக் கம்பி வழியாகப் பாய்ந்து அதைச் சுட வைக்கிறது. தள்ளும்போது செல்ஃபுக்கு வேலையே இல்லை, காயிலுக்கு முழு வோல்ட்டும் கிடைக்கிறது. உடனே ஸ்டார்ட் ஆகிறது!

சரி, கம்ப்ரஷன் ஏன் குறைந்தது? செல்ஃப் மெதுவாகச் சுற்றினால் கேஜ் குறைத்துத்தான் காட்டும். பேட்டரியின் எர்த் முனையிலிருந்து பிளாக்குக்கு ஒரு தடித்த கேபிளைத் தற்காலிகமாகக் கொடுத்து, ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்துக்கொண்டு மறுபடி பார்த்தோம். 130, 125, 130, 128. ஒன்றுக்கொன்று பத்து சதவீதத்துக்குள் இருந்தால் போதும். போர் வேலை தேவையே இல்லை!

உப்புத்தாளால் பெயின்ட்டைச் சுரண்டி, பளபளக்கும் தகரத்தில் பட்டையை இறுக்கி, மேலே கொஞ்சம் கிரீஸ் தடவினோம். சாவியைத் திருப்பியதும் எடுத்துக்கொண்டது. செலவு ஒரு உப்புத்தாள். மாமா ஒன்றும் பேசவில்லை. பானட்டை ஒரு தடவை தடவிக்கொடுத்துவிட்டு, காபி வாங்கிவரச் சொல்லிப் பையனை அனுப்பினார்.

மறக்கக் கூடாதவை

இடிபட்ட வண்டி உங்கள் கைக்கு வந்தால் இவற்றையும் பாருங்கள். ஃபேன் இறக்கை வளைந்திருந்தால் அதிர்வு வரும், வாட்டர் பம்ப் பேரிங்கும் போய்விடும். மவுன்டிங் ரப்பர் கிழிந்திருந்தால் ரேஸ் கொடுக்கும்போது எஞ்சின் சாய்ந்து ஆக்சிலேட்டரை இழுக்கும். டெல்கோ மூடியில் மயிரிழை விரிசல் இருந்தால் ஈரத்தில் மிஸ்ஸிங் வரும். கார்புரேட்டரிலிருந்து டெல்கோவுக்குப் போகும் மெல்லிய வேக்கம் குழாய் கழன்றிருந்தாலும் இழுவை குறையும். எல்லாமே வெளியில் இருப்பவை. ஸ்பேனரை எடுக்காமலே பார்த்துவிடலாம்.

பிறகு அந்த ஹெரால்டில் கம்பம்மெட்டு மலை ஏறினோம். கொண்டை ஊசி வளைவுகளிலும் சூடு முள் நடுவை விட்டு நகரவில்லை. பாதி வழியில் மாமா கேட்டார்: "ரிங் போயிருச்சுன்னு நீயும்தானடா சொன்ன?"

ஆமாம் நண்பர்களே, நானும்தான் சொன்னேன். எஞ்சினைப் பிரிக்கச் சொல்வதற்கு முன் மீட்டரை வைத்துப் பாருங்கள். அதற்கும் முன்னால், வண்டிக்காரர் சொல்வதைக் காது கொடுத்துக் கேளுங்கள்.