சிங்கப்பூர் நாடாளுமன்ற ஆட்சிமுறை

சிங்கப்பூர் தென்கிழக்கு ஆசியாவில் மலாய்த் தீபகற்பத்தின் தென்முனையில் உள்ள ஒரு தீவு நாடு. இதன் பரப்பு ஏறத்தாழ 735 சதுர கிலோமீட்டர். நமது விருதுநகர் மாவட்டத்தில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்குதான். ஆனால் மக்கள்தொகை 60 லட்சத்தை ஒட்டியது. இந்தச் சிறிய தீவு 1959இல் உள்நாட்டுத் தன்னாட்சியும், 1965இல் முழு விடுதலையும் பெற்றது. மலாய், ஆங்கிலம், சீனம், தமிழ் ஆகிய நான்கும் இங்கு ஆட்சிமொழிகள். அந்நாட்டு நாடாளுமன்றத்தில் ஓர் உறுப்பினர் எழுந்து தமிழில் பேசலாம். அவர் பேசுவது அப்போதே மொழிபெயர்க்கப்பட்டு மற்ற உறுப்பினர்களின் காதுகளுக்குப் போய்ச் சேரும்.

இந்தியாவைப் போலவே சிங்கப்பூரும் பிரிட்டிஷ் நாடாளுமன்ற முறையைத் தழுவியது. ஆனால் தீவின் அளவுக்கும் பல இன மக்கள் வாழும் நிலைக்கும் ஏற்பப் பல மாற்றங்களைச் செய்துகொண்டது. அம்மாற்றங்கள் எவை, அவற்றால் விளைந்த நன்மை தீமைகள் எவை என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

தன்னாட்சிக்கு முன்

1819இல் ராபிள்ஸ் சிங்கப்பூரில் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் வணிகத் தலத்தை நிறுவினார். 1826 முதல் பினாங்கு, மலாக்கா ஆகியவற்றுடன் சேர்த்து நீரிணைக் குடியேற்றங்கள் என்ற பெயரில் இது ஆளப்பட்டது. 1867 வரை ஆட்சி இந்தியாவிலிருந்தே நடந்தது. பின்னர் லண்டனின் நேரடி ஆளுகைக்கு மாறியது. ஆளுநருக்கு ஆலோசனை கூறச் சட்டமன்றம் ஒன்று இருந்தது. அதில் மக்கள் தேர்ந்தெடுத்த உறுப்பினர் எவரும் இல்லை.

1942 முதல் 1945 வரை ஜப்பானியர் ஆண்டனர். போருக்குப் பின் 1948 மார்ச்சில் முதல் தேர்தல் நடந்தது. தேர்ந்தெடுக்கப்பட்ட இடங்கள் 6 மட்டுமே. பிரிட்டிஷ் பிரசைகளுக்கு மட்டுமே வாக்குரிமை இருந்ததால் சீனாவிலிருந்து குடியேறிய பெருந்திரளான மக்கள் வாக்களிக்க இயலவில்லை. இந்தியாவிலிருந்து சென்றவர்கள் பிரிட்டிஷ் பிரசைகள் என்பதால் வாக்களிக்க முடிந்தது.

1955இல் ரெண்டல் அரசியலமைப்பின்படி 32 உறுப்பினர் கொண்ட சட்டப்பேரவை அமைந்தது. அதில் 25 பேர் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். 10 இடங்களைப் பெற்ற தொழிலாளர் முன்னணியின் தலைவர் டேவிட் மார்ஷல் முதலாவது முதலமைச்சரானார். இவர் வழக்கறிஞர். தன்னாட்சி கேட்டு 1956இல் லண்டனில் நடத்திய பேச்சு தோல்வியடைந்ததும், சொன்ன சொல்லுக்கேற்பப் பதவியை விட்டு விலகினார். வாரந்தோறும் பொதுமக்களைச் சந்தித்து அவர்களின் குறைகளைக் கேட்கும் வழக்கத்தைத் தொடங்கியவரும் இவரே. இன்றும் சிங்கப்பூரில் நாடாளுமன்ற உறுப்பினர்கள் இந்த மக்கள் சந்திப்பு நிகழ்ச்சியைத் தவறாமல் நடத்துகின்றனர்.

தன்னாட்சி (1959)

1959 மே 30 அன்று 51 இடங்களுக்குத் தேர்தல் நடைபெற்றது. வாக்களிப்பது முதன்முறையாகக் கட்டாயமாக்கப்பட்டது. மக்கள் செயல் கட்சி 43 இடங்களில் வென்றது. லீ குவான் இயூ பிரதமரானார்.

தன்னாட்சி என்றால் முழு விடுதலை அல்ல. பாதுகாப்பும் வெளியுறவும் பிரிட்டனிடமே இருந்தன. உள்நாட்டுப் பாதுகாப்பைக் கவனிக்க 7 பேர் கொண்ட மன்றம் இருந்தது. அதில் பிரிட்டனுக்கு 3 இடம், சிங்கப்பூருக்கு 3 இடம், மலாயாவுக்கு 1 இடம். இரு தரப்பும் முரண்பட்டால் மலாயாவின் ஒரு வாக்கே முடிவைத் தீர்மானிக்கும்.

இந்த அமைச்சரவையில் பண்பாட்டுத் துறை அமைச்சராக இருந்தவர் எஸ். ராஜரத்தினம். யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் 1915இல் பிறந்தவர், பத்திரிகையாளர். விடுதலைக்குப் பின் நாட்டின் முதல் வெளியுறவு அமைச்சரானார். பள்ளிகளில் மாணவர்கள் நாள்தோறும் சொல்லும் தேசிய உறுதிமொழியை 1966இல் முதலில் எழுதித் தந்தவரும் இவரே.

ஒரு வாக்கின் மதிப்பு

நாடாளுமன்ற முறையில் அரசு நிலைப்பதற்கு அவையின் நம்பிக்கை வேண்டும். இதை மாணவர்கள் நன்கு புரிந்துகொள்ள 1961 ஜூலை மாத நிகழ்ச்சி உதவும். மலாயாவுடன் இணைவது பற்றிய கருத்து வேறுபாட்டால் ஆளுங்கட்சிக்குள் பிளவு முற்றியது. அரசு நம்பிக்கைத் தீர்மானம் கொண்டுவந்தது. 51 பேர் கொண்ட அவையில் பெரும்பான்மைக்கு 26 வேண்டும். கிடைத்தவை 27. உடல்நலமின்றி மருத்துவமனையில் இருந்த பெண் உறுப்பினர் ஒருவர் ஆம்புலன்சில் அழைத்து வரப்பட்டு வாக்களித்தார். ஆதரிக்காத 13 பேர் நீக்கப்பட்டுப் பாரிசான் சோசலிஸ் என்ற புதிய கட்சியில் சேர்ந்தனர்.

1963 பிப்ரவரியில் அக்கட்சித் தலைவர்கள் பலர் விசாரணையின்றிக் காவலில் வைக்கப்பட்டனர். அதே ஆண்டு செப்டம்பரில் சிங்கப்பூர் மலேசியாவுடன் இணைந்தது. 1965 ஆகஸ்ட் 9 அன்று பிரிந்து தனி நாடானது. பாரிசான் உறுப்பினர்கள் அவையைப் புறக்கணித்து வெளியேறினர். 1968 தேர்தலில் அக்கட்சி போட்டியிடவில்லை. 58 இடங்களையும் மக்கள் செயல் கட்சியே பெற்றது. அவற்றில் 51 இடங்களில் போட்டியே இல்லை. அடுத்த பல ஆண்டுகள் நாடாளுமன்றத்தில் எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவர்கூட இல்லை. அவையைப் புறக்கணிப்பது எதிர்க்கட்சிக்கு எவ்வளவு பெரிய இழப்பாக முடியும் என்பதற்கு இது ஒரு பாடம்.

ஆன்சன் இடைத்தேர்தல் (1981)

ஆன்சன் தொகுதி உறுப்பினர் தேவன் நாயர் 1981இல் அதிபரானதால் அங்கு இடைத்தேர்தல் வந்தது. ஆன்சன் துறைமுகத்தை ஒட்டிய தொகுதி. துறைமுகக் குடியிருப்புகளில் இருந்த குடும்பங்கள் வீட்டைக் காலி செய்யும்படி கேட்கப்பட்டிருந்தன. மாற்று வீடு பற்றிய கவலை அவர்களுக்கு இருந்தது. அக்டோபர் 31 அன்று நடந்த வாக்கெடுப்பில் பாட்டாளிக் கட்சியின் ஜே. பி. ஜெயரத்தினம் வென்றார். யாழ்ப்பாணத் தமிழ்க் குடும்பத்தைச் சேர்ந்த வழக்கறிஞரான இவர், அதற்கு முன் பல தேர்தல்களில் தோற்றவர். விடுதலை பெற்ற பின் தேர்தலில் வென்று அவைக்குள் வந்த முதல் எதிர்க்கட்சி உறுப்பினர் இவரே. 1984இல் மீண்டும் வென்றார். 1986இல் நீதிமன்றத் தண்டனை காரணமாகப் பதவியை இழந்தார்.

பெருந்தலைவர் காமராசரே 1967இல் விருதுநகரில் ஓர் இளைஞரிடம் தோற்றதைப் பார்த்தவர்கள் நம் ஊர்ப் பெரியவர்கள். அசைக்க முடியாது என்று எண்ணப்படும் கட்சியையும் தலைவரையும் ஒரு தொகுதியின் மக்கள் அசைத்துவிட முடியும் என்பது அவர்களுக்குப் புதிதல்ல. சிங்கப்பூர் மக்களுக்கு ஆன்சன் அதைக் காட்டியது.

இன்றைய அமைப்பு

சிங்கப்பூர் நாடாளுமன்றம் ஓரவை கொண்டது. 1986இல் மேலவை நீக்கப்பட்ட பின் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் இருப்பதைப் போன்றது. பதவிக்காலம் அதிகபட்சம் 5 ஆண்டு. வாக்களிக்கும் வயது 21. காரணமின்றி வாக்களிக்காதவரின் பெயர் பட்டியலிலிருந்து நீக்கப்படும். மீண்டும் சேர்க்க 50 வெள்ளி கட்ட வேண்டும். 2025 மே 3 அன்று நடந்த தேர்தலில் 97 இடங்களில் மக்கள் செயல் கட்சி 87, பாட்டாளிக் கட்சி 10 இடங்களைப் பெற்றன. பிரதமர் லாரன்ஸ் வோங்.

உறுப்பினர்கள் மூன்று வகை.

1. தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்கள். இவர்கள் தனித்தொகுதியிலிருந்தோ குழுத்தொகுதியிலிருந்தோ வருபவர்கள்.

2. தொகுதியில்லா உறுப்பினர்கள். தேர்தலில் தோற்ற எதிர்க்கட்சி வேட்பாளர்களில் கூடுதல் விழுக்காடு வாக்கு பெற்றவர்கள். 1984இல் இம்முறை வந்தது. எதிர்க்கட்சியினர் மொத்தம் 12 பேராவது அவையில் இருக்க வேண்டும் என்பது இப்போதைய விதி. 2025இல் 10 பேர் வென்றதால் இவ்வழியில் 2 பேர் சேர்க்கப்பட்டனர்.

3. நியமன உறுப்பினர்கள். கட்சி சாராதவர்கள்; 1990 முதல் உள்ளனர். அரசியலமைப்புத் திருத்தம், நிதி மசோதா, நம்பிக்கையில்லாத் தீர்மானம் போன்றவற்றில் இவர்களுக்கு வாக்குரிமை இல்லை.

தனித்தொகுதி: ஒரு சொல், இரு பொருள்

தமிழ்நாட்டு மாணவர்கள் சிங்கப்பூர்த் தமிழ்ச் செய்திகளைப் படிக்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். இங்கே தனித்தொகுதி என்றால் பட்டியல் இனத்தவருக்கு ஒதுக்கப்பட்ட தொகுதி. நம் மாவட்டத்தின் 7 சட்டமன்றத் தொகுதிகளில் திருவில்லிபுத்தூர் அப்படிப்பட்டது. சிங்கப்பூரில் தனித்தொகுதி என்றால் ஒரே ஓர் உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் தொகுதி. அந்தப் பொருளில் சிவகாசியும் சாத்தூரும்கூடத் தனித்தொகுதிகளே.

குழுத்தொகுதி 1988இல் அறிமுகமானது. இதில் ஒரு கட்சி 4 அல்லது 5 பேர் கொண்ட அணியை நிறுத்தும். வாக்காளர் அணிக்கு ஒரே வாக்கு அளிப்பார். வென்றால் அணி முழுவதும் அவைக்குச் செல்லும். அணியில் ஒருவராவது மலாய், இந்திய அல்லது பிற சிறுபான்மை இனத்தவராக இருக்க வேண்டும். மக்களில் முக்கால் பங்கினர் சீனர். இனம் பார்த்து வாக்களிக்கும் நிலை வந்தால் சிறுபான்மையினர் அவைக்கு வர இயலாமல் போகும் என்பதே இதற்குச் சொல்லப்பட்ட காரணம். தமிழர் உள்ளிட்ட இந்திய வம்சாவளியினர் மக்கள்தொகையில் பத்தில் ஒரு பங்கை ஒட்டியே இருப்பதால், இது அவர்களுக்கு நேரடிப் பயன் தரும் ஏற்பாடு.

இம்முறையின் மீது குறைகளும் கூறப்படுகின்றன. பெயர்பெற்ற அமைச்சர் ஒருவர் அணியில் இருந்தால் புதியவர்கள் அவர் நிழலில் வென்றுவிடலாம். சிறிய கட்சிகள் ஐந்து தகுந்த வேட்பாளர்களையும் அவர்களுக்கான வைப்புத்தொகையையும் திரட்டுவது கடினம். 2025இல் ஒரு வேட்பாளருக்கான வைப்புத்தொகை 13,500 வெள்ளி. போட்டியில்லாத குழுத்தொகுதியில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாக்களிக்கும் வாய்ப்பையே இழக்கின்றனர். 2025இல் மரின் பரேட் - பிரேடல் ஹைட்ஸ் குழுத்தொகுதியில் அப்படித்தான் நடந்தது.

ஆனால் இக்கோட்டை உடையாததல்ல. 2011இல் அல்ஜுனிட் குழுத்தொகுதியைப் பாட்டாளிக் கட்சி கைப்பற்றியது. வெளியுறவு அமைச்சர் ஜார்ஜ் இயோ உட்பட ஆளுங்கட்சி அணி முழுவதும் தோற்றது. நிழலில் நிற்பவர்களைச் சேர்த்து வெல்லவைக்கும் அதே விதி, சேர்த்துத் தோற்கவும் வைக்கும்.

காலியிடம் வந்தால்

தனித்தொகுதியில் இடம் காலியானால் எப்போது இடைத்தேர்தல் நடத்துவது? 2012இல் ஹவ்காங் தொகுதி காலியானபோது, அங்கு குடியிருந்த, துப்புரவு வேலை செய்யும் பெண் வாக்காளர் ஒருவர் இக்கேள்வியை நீதிமன்றத்துக்குக் கொண்டுசென்றார். வழக்கு நடந்துகொண்டிருந்தபோதே இடைத்தேர்தல் முடிந்துவிட்டது. 2013இல் அவரது மேல்முறையீடு தள்ளுபடியானது. ஆயினும், பிரதமர் தம் விருப்பம்போல் தள்ளிப்போட முடியாது, நியாயமான காலத்துக்குள் தேர்தல் நடத்த வேண்டும் என்று நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. வழக்கில் தோற்றாலும், நாட்டுக்கு ஒரு சட்ட விளக்கத்தை அவர் பெற்றுத் தந்தார்.

குழுத்தொகுதியில் நிலை வேறு. அணியினர் எல்லோரும் விலகினால்தான் இடைத்தேர்தல். 2017இல் மார்சிலிங் - இயூ டீ குழுத்தொகுதியின் சிறுபான்மை உறுப்பினரான ஹலிமா யாக்கோப் அதிபர் தேர்தலுக்காக விலகினார். அவர் இடம் நிரப்பப்படவில்லை. சிறுபான்மையினருக்காக ஏற்பட்ட முறையில், சிறுபான்மை உறுப்பினர் விலகிய பிறகும் தொகுதி அப்படியே தொடர்கிறது. இம்முறையின் முக்கியமான முரண்பாடு இதுவே.

அதிபரும் கண்காணிப்பும்

அதிபர் பெரும்பாலும் பெயரளவுத் தலைவர். எனினும் 1991 முதல் மக்களால் நேரடியாகத் தேர்ந்தெடுக்கப்படும் பதவியாயிற்று. நாட்டின் சேமிப்பு நிதியைக் காக்கும் அதிகாரம் அவருக்கு உண்டு. பதவிக்காலம் 6 ஆண்டு. எஸ். ஆர். நாதன் 1999 முதல் 2011 வரை அதிபராக இருந்தார். தர்மன் சண்முகரத்தினம் 2023இல் 70 விழுக்காட்டுக்கு மேல் வாக்கு பெற்று வென்றார். சீனரல்லாத ஒருவர் தேசியத் தேர்தலில் இவ்வளவு பெரிய ஆதரவைப் பெற்றது, மக்கள் இனம் பார்த்துத்தான் வாக்களிப்பார்களா என்ற பழைய விவாதத்தை மீண்டும் எழுப்பியது.

நாடாளுமன்றம் இயற்றும் சட்டம் எந்த இனத்தையோ சமயத்தையோ பாகுபடுத்துகிறதா என்று பார்க்கச் சிறுபான்மையினர் உரிமைகளுக்கான அதிபர் மன்றம் உள்ளது. அமைச்சர்களும் சட்டத்துக்கு உட்பட்டவர்களே. அமைச்சராக இருந்த எஸ். ஈஸ்வரன் பரிசுப் பொருள்கள் பெற்றது உள்ளிட்ட குற்றங்களை ஒப்புக்கொண்டு 2024 அக்டோபரில் 12 மாதச் சிறைத்தண்டனை பெற்றார்.

இந்தியாவுடன் ஒப்பீடு

கட்சி மாறினால் பதவி போகும் என்ற விதி இரு நாடுகளிலும் உண்டு. இந்தியாவில் இது 1985இல் பத்தாம் அட்டவணையாக வந்தது. சிங்கப்பூரில் கட்சியை விட்டு நீக்கப்பட்டாலும் பதவி போய்விடும்.

தேர்தலை நடத்துவதில் பெரிய வேறுபாடு உள்ளது. இந்தியாவில் அரசியலமைப்பின்படி அமைந்த தேர்தல் ஆணையம் உண்டு. தொகுதி எல்லைகளை வகுக்க வரையறை ஆணையம் அமைக்கப்படுகிறது. சிங்கப்பூரில் தேர்தல் துறை பிரதமர் அலுவலகத்தின் கீழ் இயங்குகிறது. எல்லைகளை ஆராயும் குழுவையும் பிரதமரே நியமிக்கிறார். எதிர்க்கட்சிகள் நீண்டகாலமாகக் குறைகூறும் பகுதி இது. வாக்குப்பதிவும் எண்ணிக்கையும் ஒழுங்காக நடப்பதில் அந்நாட்டுக்கு நற்பெயர் உண்டு.

சிறுபான்மையினருக்கும் ஒடுக்கப்பட்டோருக்கும் இடம் தருவதற்கு இந்தியா ஒதுக்கீட்டுத் தொகுதிகளைத் தேர்ந்தெடுத்தது. சிங்கப்பூர் கூட்டு அணியைத் தேர்ந்தெடுத்தது. முதல் முறையில் பிரதிநிதி யார் என்று மக்கள் நேரடியாகத் தீர்மானிக்கின்றனர். இரண்டாவதில் கட்சி தீர்மானித்த பட்டியலை ஏற்கவோ மறுக்கவோ செய்கின்றனர். எது சிறந்தது என்பது தேர்வில் ஒரு மதிப்பெண் வினாவாக விடை சொல்லக்கூடியதல்ல. இரண்டையும் அருகருகே வைத்துப் படிக்கும் மாணவர், தம் தொகுதியில் அடுத்த முறை வாக்குச்சாவடிக்குச் செல்லும்போது தம் கையில் இருக்கும் ஒற்றை வாக்கு எதைத் தீர்மானிக்கிறது, எதைத் தீர்மானிப்பதில்லை என்பதைத் தெளிவாக அறிந்திருப்பார்.