‘ஹலோ’ கேட்குது... பேச்சுதான் புரியலை! - காது மந்தமானவர்களுக்கு எந்த போன் வாங்கலாம்?

“அப்பாவுக்குக் காது சரியா கேட்கலை. நல்லா சத்தமா கேட்கிற போனா ஒண்ணு கொடுங்க.”

மொபைல் கடைகளில் அடிக்கடி காதில் விழும் வரி இது. பெரிய பட்டனும் பெரிய ஸ்பீக்கரும் உள்ள ஒரு கீபேட் போனைக் கடைக்காரர் எடுத்துக் கொடுப்பார். அங்கேயே ஒரு கால் போட்டுப் பார்ப்பார்கள். “ஹலோ, கேட்குதாப்பா?” “ம்... கேட்குது!” அவ்வளவுதான், பில் போட்டாயிற்று. ஒரே வாரத்தில் அந்த போன் அலமாரி மேல் கிடக்கும். மணி அடித்தால், “நீயே பேசிடும்மா” என்று மருமகளிடம் நீட்டிவிடுவார்.

போனில் குறை இல்லை. கடையில் செய்த சோதனையில்தான் கோளாறு. வயதாகும்போது வரும் காது மந்தம் எல்லா ஒலியையும் ஒரே மாதிரி குறைப்பதில்லை. கீச்சென்ற, மெல்லிய, உயர் அலைவரிசை ஒலிகள்தான் முதலில் போகின்றன. நம் பேச்சில் உயிரொலிகள் கனமானவை, எளிதில் கேட்கும். ச, த, ட போன்ற ஒலிகள் மெலிந்தவை. ‘ஹலோ’வில் பெரும்பாலும் இருப்பது உயிரொலிதான், அதனால் அது கேட்டுவிடுகிறது. எதிர்முனையில் சொன்னது ‘காசா’, ‘காதா’, ‘பத்தா’, ‘பட்டா’ என்பதுதான் புரியாது. வால்யூமைக் கூட்டினாலும், நாம் தொண்டை கிழியக் கத்தினாலும் உயிரொலிதான் இன்னும் பெரிதாகும். கத்துவதைவிட நிதானமாகப் பேசுவது நல்லது.

இது சின்ன விஷயம் இல்லை. புரியாததை மறைக்க, பெரியவர்கள் பலர் “சரி, சரி” என்று சொல்லிச் சமாளிக்கிறார்கள். பேங்கிலிருந்து பேசுவதாகச் சொல்லும் மோசடிக்காரனுக்கு அந்த ‘சரி’ போதும். ஸ்பீக்கரில் போட்டுப் பேசினால் தங்கை வீட்டுச் சங்கதியெல்லாம் கூடம் முழுக்கக் கேட்கும். அந்தக் கூச்சத்திலேயே பேச்சைக் குறைத்துக்கொள்கிறவர்கள் உண்டு.

சரி, எதைப் பார்த்து வாங்குவது? முதலில் 4ஜி வோ-எல்.டி.இ. வசதி. பழைய 2ஜி அழைப்பு, லேண்ட்லைன் போலவே சுமார் 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியை மட்டுமே கடத்தும். ‘ஸ்’, ‘ச’ போன்ற ஒலிகளின் பெரும்பகுதி அதற்கு மேலே இருக்கிறது. காது பாதியை விட்டுவிட, மீதியை போன் வெட்டிவிடுகிறது! எச்.டி. வாய்ஸ் அழைப்பில் ஏறக்குறைய 7,000 ஹெர்ட்ஸ் வரை வரும். சத்தம் அதேதான், ஆனால் சொற்கள் தெளிவாகும். இரண்டு முனையிலும் இந்த வசதி இருக்க வேண்டும். டச் ஸ்கிரீன் பழகாதவர்களுக்கு 4ஜி கீபேட் போன்களும் கிடைக்கின்றன. வாட்ஸ்அப் வீடியோ காலில் உதட்டசைவும் தெரிவதால் இன்னும் எளிது. பேசுகிறவர் ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்காராமல் இருந்தால் போதும்.

காதுக் கருவி போட்டிருப்பவர் என்றால் கணக்கே வேறு. எல்லா போனும் எல்லாக் கருவியோடும் ஒத்துப்போகாது. சிலவற்றைக் காதருகே கொண்டுபோனாலே ‘கொர்ர்’ என்று இரைச்சல் வரும். தயாரிப்பாளரின் இணையதளத்தில், மாடலின் விவரப் பட்டியலில் ‘எச்.ஏ.சி.’ என்று இருக்கிறதா பாருங்கள். சில மாடல்களில் எம்3, எம்4 என்றும் டி3, டி4 என்றும் போட்டிருக்கும். ‘எம்’ என்பது கருவியின் மைக் வழியாகக் கேட்பதற்கு, ‘டி’ என்பது டெலிகாயில் வழியாகக் கேட்பதற்கு. 3-ஐவிட 4 மேல்.

ப்ளூடூத் உள்ள கருவி என்றால் இன்னும் கவனம் வேண்டும். “இதுலயும் ப்ளூடூத், அதுலயும் ப்ளூடூத்” என்று நம்பி வாங்கி ஏமாறுகிறவர்கள் அதிகம். ஐபோனுக்கு ஒரு முறை, ஆண்ட்ராய்டுக்கு ‘ஆஷா’ என்று ஒரு முறை, 2020-ல் அறிவிக்கப்பட்ட எல்.இ. ஆடியோ என்று புதிதாக ஒன்று. கருவியும் போனும் ஒரே முறையைப் பேச வேண்டும். நல்ல கருவியின் விலை போனைவிட அதிகம். எனவே கருவிக்கு ஏற்ற போனைத் தேடுங்கள். ஒத்துப்போகும் மாடல்களின் பட்டியலைக் கருவி நிறுவனத்தின் தளத்திலோ உங்கள் ஆடியாலஜிஸ்ட்டிடமோ கேட்டு வாங்கலாம்.

காதுக்குப் பின்னால் மாட்டும் கருவிக்கு மைக் மேலேதான் இருக்கிறது. போனைக் காதுத் துளையில் வைத்துப் பயனில்லை. சற்று உயர்த்தி, அந்த மைக் பக்கம் பிடிக்க வேண்டும். இதை யாரும் சொல்லித் தராததாலேயே ‘போன் சரியில்லை’ என்று ஒதுக்கப்பட்டவை எத்தனையோ!

கடைக்குச் சம்பந்தப்பட்டவரையே அழைத்துப் போங்கள், கருவியோடு. ஏ.சி. அறையில் சோதிக்காமல் வாசலுக்கு வந்து, தெருச் சத்தத்தில் பேசிப் பாருங்கள். ‘ஹலோ’ வேண்டாம். ஒரு மாத்திரையின் பெயர், ஒரு முகவரி, ஒரு போன் நம்பர் சொல்லி, திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். ஒரு காது மட்டும் கேட்பவருக்கு, அக்சஸிபிலிட்டி செட்டிங்கில் ‘மோனோ ஆடியோ’வைப் போட்டுவிட்டால் ஹெட்போனின் இரண்டு பக்க ஒலியும் அந்தக் காதுக்கே வந்துவிடும்.

போனைக் கண்டுபிடித்த கிரஹாம் பெல்லின் மனைவி மேபெல், சிறு வயதில் வந்த காய்ச்சலில் கேட்கும் திறனை முழுக்க இழந்தவர். கணவரின் கண்டுபிடிப்பில் அவரால் பேச முடியவில்லை. இன்றைய ஸ்மார்ட்போன் அவருக்குப் பயன்பட்டிருக்கும். கூகுளின் ‘லைவ் ட்ரான்ஸ்கிரைப்’ 2019-ல் வந்தது. எதிரில் இருப்பவர் பேசப் பேச, திரையில் எழுத்தாகக் காட்டும், தமிழும் உண்டு. இதன் உருவாக்கத்தில் முக்கியப் பங்கு வகித்த டிமிட்ரி கனெவ்ஸ்கி, சிறு வயதிலேயே செவித்திறன் இழந்த விஞ்ஞானி. பெயர்களிலும் வட்டாரப் பேச்சிலும் அது தடுமாறும். டாக்டர் சொன்ன மருந்து அளவை மட்டும் எழுதி வாங்கிவிடுங்கள். போன் காலுக்கு இதைப் பயன்படுத்த, காலை ஸ்பீக்கரில் போட்டு, இன்னொரு போனில் ஆப்பைத் திறந்து பக்கத்தில் வைக்க வேண்டும்.

முற்றிலும் காது கேளாமல், சைகை மொழியில் பேசுகிறவர்களின் தேவை வேறு. அகலமான திரை, நல்ல முன்பக்க கேமரா, அழைப்பு வந்தால் ஃப்ளாஷ் மின்னும் வசதி, பலமான வைப்ரேஷன் ஆகியவற்றைப் பாருங்கள். தமிழக மாற்றுத்திறனாளிகள் நலத்துறை, தக்க செயலியுடன் ஸ்மார்ட்போன் வழங்கும் திட்டம் ஒன்றையும் வைத்திருக்கிறது. தகுதி, விண்ணப்பம் பற்றி மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரிக்கலாம். போகும்போது மாற்றுத்திறனாளி அடையாள அட்டையும் ஆதாரும் கையில் இருக்கட்டும்.